சேலத்திலிருந்து சிங்கப்பூர் வேலைக்கு: இபி, எஸ் பாஸ், அப்புறம் பிஆர்

சிங்கப்பூர் வேலை என்று பேச்சு வந்தாலே நம் ஊரில் முதலில் கேட்பது "எந்த பாஸ்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது "எந்த கம்பெனி?". எம்ப்ளாய்மென்ட் பாஸ் எனப்படும் இபியையோ எஸ் பாஸையோ நீங்களாக விண்ணப்பித்து வாங்க முடியாது. சிங்கப்பூரில் உங்களை வேலைக்கு எடுக்கும் முதலாளியோ, அவர் சார்பில் உரிமம் பெற்ற ஏஜென்சியோதான் அங்குள்ள மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்கும் பாஸ் அந்த முதலாளிக்கும் அந்த வேலைக்கும் மட்டுமே செல்லும். அதனால், "வேலை அங்கே போய்ப் பார்த்துக்கலாம், பாஸ் நான் போட்டுத் தர்றேன்" என்று ஐந்து ரோட்டில் யாராவது சொன்னால், டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

பட்டம் அல்லது டிப்ளமோ படித்து, மாதச் சம்பள வேலைக்காக சிங்கப்பூர் போக நினைக்கிற சேலம், ஆத்தூர், ஓமலூர், ஏற்காடு பக்கத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். சொல்லியிருக்கும் தொகைகள் எல்லாம் 2025 நிலவரம், சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) கணக்கு. குறைந்தபட்சச் சம்பளத்தை அவர்கள் அவ்வப்போது உயர்த்துவார்கள். கையெழுத்துப் போடும் முன் மனிதவள அமைச்சின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், நீங்கள் எந்த பாஸுக்கான ஆள்?

வொர்க் பெர்மிட் என்பது கட்டுமானம், கப்பல் பட்டறை மாதிரியான வேலைகளுக்கானது. அதை வைத்துக்கொண்டு பிஆர் எனப்படும் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்க முடியாது, குடும்பத்தையும் அழைத்துப்போக முடியாது. இந்தக் கட்டுரையில் அது வேண்டாம்.

எஸ் பாஸ் நடுத்தரத் திறன் வேலைகளுக்கு. டெக்னீஷியன், சூப்பர்வைசர் மாதிரி. பாலிடெக்னிக் முடித்தவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் வழி. 2025 செப்டம்பர் முதல் புதிய எஸ் பாஸுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,300 வெள்ளி, நிதித் துறையில் 3,800. வயது ஏற ஏற இந்தத் தொகையும் ஏறும். நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு 4,800 வெள்ளி இருக்க வேண்டும். சம்பளம் போக, ஒவ்வொரு எஸ் பாஸ் ஆளுக்கும் கம்பெனி அரசுக்கு மாதம் 650 வெள்ளி லெவி என்ற கட்டணம் கட்டுகிறது. ஒரு கம்பெனி எத்தனை எஸ் பாஸ் ஆட்களை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு உச்சவரம்பும் உண்டு: சேவைத் துறை என்றால் மொத்த ஆட்களில் பத்து சதவீதம், உற்பத்தி, கட்டுமானம் போன்றவற்றில் பதினைந்து. இன்டர்வியூவில் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு "கோட்டா இல்லை" என்று பின்வாங்குகிறார்களே, அந்தக் கோட்டா இதுதான். அதனால் பேச்சின் தொடக்கத்திலேயே "உங்களிடம் எஸ் பாஸ் கோட்டா காலியாக இருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

இபி நிபுணர், மேலாளர் நிலை வேலைகளுக்கு. இதற்கு லெவியும் கிடையாது, கோட்டாவும் கிடையாது. 2025 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி, நிதித் துறைக்கு 6,200. இது இருபத்து மூன்று வயதுக்காரருக்கான கணக்கு. நாற்பத்தைந்தைத் தொட்டவருக்கு 10,700 வெள்ளி வேண்டும். முப்பத்தைந்து வயதில் 5,600 வெள்ளி ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு இபி கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். அமைச்சின் தளத்தில் செல்ஃப் அசெஸ்மென்ட் டூல் என்று ஒன்று இலவசமாக இருக்கிறது. வயது, படிப்பு, சம்பளம், துறை ஆகியவற்றைக் கொடுத்தால் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடும்.

மாதம் 22,500 வெள்ளிக்கு மேல் வாங்குபவர்களுக்குப் பர்சனலைஸ்டு இபி, 30,000 வாங்குபவர்களுக்கு ஒன் பாஸ் என்று இன்னும் பெரிய கதவுகள் உண்டு. அந்தச் சம்பளக்காரர்களுக்கு என் கட்டுரை தேவைப்படாது.

நர்ஸ், டாக்டர், பார்மசிஸ்ட் என்றால் பாஸுக்கு முன்னால் சிங்கப்பூரின் அந்தந்தத் தொழில் கவுன்சிலில் பதிவு கிடைக்குமா என்று பாருங்கள். அது இல்லாமல் மற்றது நகராது.

நாற்பது மார்க் பரீட்சை

இபிக்குச் சம்பளம் மட்டும் போதாது. 2023 செப்டம்பரிலிருந்து காம்பஸ் என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. நாற்பது எடுத்தால் பாஸ். இதில் பாதிதான் உங்கள் கையில், மீதி கம்பெனியின் கையில். நம் ஆட்கள் பலர் "எனக்கு எல்லாத் தகுதியும் இருந்தும் ரிஜெக்ட் பண்ணிட்டாங்க" என்று புலம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும்.

நான்கு அடிப்படைப் பிரிவுகள். ஒவ்வொன்றிலும் 0, 10 அல்லது 20.

முதலாவது சம்பளம். அதே துறையில் உங்கள் வயதுள்ள உள்ளூர் நிபுணர்கள் வாங்கும் சம்பளத்தோடு உங்கள் சம்பளத்தை ஒப்பிடுவார்கள். அறுபத்தைந்து சதவீதம் பேரைத் தாண்டினால் 10, தொண்ணூறு சதவீதம் பேரைத் தாண்டினால் 20.

இரண்டாவது படிப்பு. ஏற்கப்பட்ட பட்டம் இருந்தால் 10. அமைச்சின் உயர்தரப் பட்டியலில் உள்ள பல்கலைக்கழகம் என்றால் 20. பட்டமே இல்லையென்றால் 0, ஆனால் அதனாலேயே விண்ணப்பம் விழுந்துவிடாது. மற்ற பிரிவுகளில் ஈடுகட்டலாம்.

மூன்றாவதுதான் இந்தியர்களுக்குப் பெரிய தலைவலி. கம்பெனியின் நிபுணர், மேலாளர் நிலை ஊழியர்களில் உங்கள் நாட்டவர் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். ஐந்துக்குக் கீழே என்றால் 20, ஐந்திலிருந்து இருபத்தைந்துக்குள் என்றால் 10, இருபத்தைந்தும் அதற்கு மேலும் என்றால் 0. நான்காவது, அதே துறையின் மற்ற கம்பெனிகளோடு ஒப்பிட்டால் இந்தக் கம்பெனி உள்ளூர்க்காரர்களுக்கு எவ்வளவு வேலை கொடுக்கிறது என்பது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். சேலத்தில் பிஇ முடித்த ஒருவர், ஓரளவு நல்ல சம்பளம். சம்பளத்துக்கு 10, பட்டத்துக்கு 10. கம்பெனியோ நம் ஆட்கள் நிறைந்த ஐடி கம்பெனி, மூன்றாவதில் 0. நான்காவதில் 10. மொத்தம் 30, ஃபெயில். இதே ஆள், இதே சம்பளம், ஆனால் நிபுணர் நிலை ஊழியர்கள் இருபத்தைந்து பேருக்கும் குறைவாக உள்ள சின்ன கம்பெனி. அப்படிப்பட்ட கம்பெனிகளுக்கு மூன்றாவதிலும் நான்காவதிலும் கணக்குப் பார்க்காமலே 10 மார்க் தருகிறார்கள். மொத்தம் 40, பாஸ்!

"அண்ணன் வேலை பார்க்கிற கம்பெனி, தெரிந்த ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்" என்பது நமக்குத் தைரியம் தருகிற விஷயம்தான். ஆனால் இபிக்கு அதுவே எதிராகத் திரும்பலாம். ஊர்க்காரர்கள் யாருமே இல்லாத கம்பெனிகளுக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள்.

போனஸ் மார்க்கும் உண்டு. ஆள் பற்றாக்குறை உள்ள வேலைகளின் பட்டியல் ஒன்றை அமைச்சு வெளியிடுகிறது. உங்கள் வேலை அதில் இருந்தால் 20 வரை கூடுதலாகக் கிடைக்கும். கம்பெனியில் உங்கள் நாட்டவர் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இருந்தால் அந்த 20 பத்தாகக் குறைந்துவிடும். எஸ் பாஸுக்கு இந்த காம்பஸ் பரீட்சை கிடையாது.

இன்னொன்று. இபி, எஸ் பாஸ் இரண்டுக்குமே விண்ணப்பிக்கும் முன் கம்பெனி அந்த வேலையை மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற சிங்கப்பூர் அரசு வேலைத் தளத்தில் பதினான்கு நாள் விளம்பரம் செய்ய வேண்டும். பத்துப் பேருக்கும் குறைவான கம்பெனிகளுக்கு விலக்கு. "அடுத்த வாரமே இபி" என்று சொல்பவரிடம் விளம்பரம் எப்போது போட்டார்கள் என்று கேளுங்கள்.

ஊரில் இருக்கும்போதே முடிக்க வேண்டிய காகித வேலை

இதைச் சிங்கப்பூர் போன பிறகு செய்வது பெரும்பாடு. லீவு எடுத்து, டிக்கெட் போட்டு வந்து, ஒரு கையெழுத்துக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

பெயரில் தொடங்குங்கள். பத்தாவது மார்க்‌ஷீட்டில் இனிஷியல் மட்டும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, டிகிரியில் இனிஷியல் பின்னால் என்று மூன்று விதமாக இருப்பது நமக்குச் சகஜம். இது பெரும்பாலும் பிரச்சினை ஆகாது. ஆனால் ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறியிருந்தால், செல்வராஜ் ஒன்றில் செல்வராஜு ஆகியிருந்தால், வெளிநாட்டு அதிகாரிக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். மார்க்‌ஷீட்டை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். பாஸ்போர்ட்டை மாற்றுவது இவற்றில் சுலபம். சேலத்திலேயே தபால் துறையோடு சேர்ந்த பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. பெயரையே மாற்றுவதென்றால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும்.

அடுத்து டிகிரி. புரொவிஷனலை வாங்கிக்கொண்டு வந்தவர்கள், பட்டச் சான்றிதழை இன்னும் கல்லூரியிலேயே விட்டு வைத்திருப்பார்கள். போய் வாங்குங்கள். அதில் பட்டம் கொடுத்தது யார் என்றும் பாருங்கள். நீங்கள் படித்தது சேலம் அரசு பொறியியல் கல்லூரியாகவோ சோனாவாகவோ இருக்கலாம், விண்ணப்பத்தில் கேட்பது பல்கலைக்கழகத்தின் பெயரை. ஐம்பதை நெருங்குபவர்களின் பட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகமோ, 1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகமோ இருக்கும். 2007க்குப் பிறகு சில ஆண்டுகள் சேலம் பொறியியல் கல்லூரிகள் கோயம்புத்தூரில் தனியாக இயங்கிய அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2012இல் அது சென்னையோடு மறுபடி இணைந்தது. சான்றிதழில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதையே எழுதுங்கள்.

காம்பஸில் படிப்புக்கு மார்க் வேண்டுமென்றால், பட்டம் உண்மையானது என்று சரிபார்த்த அறிக்கை வேண்டும். அமைச்சு ஏற்கிற சரிபார்ப்பு நிறுவனங்கள் பல்கலைக்கழகத்திடம் விசாரித்து இதைத் தரும். அப்போஸ்டில் என்பது வேறு. சான்றிதழில் உள்ள முத்திரையும் கையெழுத்தும் சரி என்பதற்கு நம் வெளியுறவு அமைச்சகம் தரும் அத்தாட்சி அது. இபிக்குக் கேட்பது சரிபார்ப்பு அறிக்கையைத்தான். அப்போஸ்டிலுக்கு என்று தனியாகப் பணம் கேட்டால் எதற்கு என்று விசாரித்துவிட்டுக் கொடுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வரச் சில வாரம் ஆகலாம் என்பதால் ஆஃபர் வந்ததுமே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் இபிக்குத் தேவைப்படாது, பிஆருக்குத் தேவைப்படும். நம் பழைய சான்றிதழ் பலவற்றில் பிள்ளையின் பெயர் இருக்காது, "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். பிறப்பைப் பதிந்த மாநகராட்சியிலோ பேரூராட்சியிலோ பெயர் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். ஏற்காடு மலைக் கிராமங்களில், எஸ்டேட் லைன் வீடுகளில் பிறந்தவர்களில் சிலருக்குப் பிறப்பே பதிவாகியிருக்காது. ஓராண்டைத் தாண்டிய பதிவுக்குக் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். பள்ளிச் சான்றிதழ், பதிவு இல்லை என்ற சான்று எல்லாம் வைத்து மனு கொடுக்க வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கக்கூடிய வேலை, அதனால் இதை முதலில் தொடங்குங்கள்.

கல்யாணம் ஆனவர்கள் திருமணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கோயில் ரசீதும் பத்திரிகையும் சிங்கப்பூரில் செல்லாது.

பணம் கேட்டால்

சிங்கப்பூர் சட்டப்படி, வேலை கொடுப்பதற்காக முதலாளி உங்களிடம் பணம் வாங்குவது குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. எஸ் பாஸ் லெவியை உங்கள் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. சிங்கப்பூர் ஏஜென்சி உங்களிடம் வாங்கும் கட்டணம், ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படிப் போனாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் போகக்கூடாது.

இந்தியப் பக்கம், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்கிறவர் இந்த வரம்பில் இல்லை என்பது சொல்லாமலே தெரியும். ஏமாந்தால் மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். சென்னையில் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையும் உதவுகிறது. அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது, அதன் அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டிருங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் ஐபிஏ லெட்டரைப் பார்த்ததும் மொய்விருந்து வைத்துவிடாதீர்கள். ஐபிஏ என்பது விண்ணப்பம் கொள்கை அளவில் ஏற்கப்பட்டதற்கான கடிதம். போலி ஐபிஏ அடிப்பது கஷ்டமே இல்லை. மனிதவள அமைச்சின் தளத்தில் விண்ணப்ப நிலையைப் பார்க்கும் வசதி இருக்கிறது. பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு நீங்களே சரிபாருங்கள். கடிதத்தில் உள்ள சம்பளமும் பதவியும் ஆஃபரில் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். "அதில் அப்படித்தான் போடுவோம், கையில் இவ்வளவுதான் தருவோம்" என்றால் அங்கே போகாதீர்கள். மாட்டினால் உங்கள் பாஸும் போகும்.

ஐபிஏ வந்த பிறகு

இபி ஐபிஏ ஆறு மாதம் செல்லும், எஸ் பாஸுடையது 60 நாள்தான். முதல் தடவை நுழைவதற்கு அந்தக் கடிதமே போதும், தனி விசா வேண்டாம். சிங்கப்பூருக்குக் குடிபெயர்வு அனுமதி முத்திரையும் தேவையில்லை. மலேசியா போன்ற சில நாடுகளுக்குத்தான், ஈசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு, அது வேண்டும்.

காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து உள்நாட்டு விமானம் மட்டும்தான். சேலத்துக்காரர்களுக்கு நாமக்கல் வழியாகத் திருச்சி போய் ஏறுவதுதான் வசதி, கோவை அடுத்தது. சிங்கப்பூரில் இறங்குவதற்கு முன் மூன்று நாளுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகைப் படிவத்தை ஆன்லைனில் நிரப்புங்கள். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவும் அசல் இல்லை.

போய்ச் சேர்ந்ததும் கம்பெனி பாஸை வழங்கச் செய்து, கைரேகை, புகைப்படப் பதிவுக்கு நேரம் வாங்கித் தரும். முதல் இபி அதிகபட்சம் இரண்டு வருடம், புதுப்பித்தால் மூன்று வருடம் வரை. வேலை மாறினால் புதிய கம்பெனி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். வேலையை விட்டால் பாஸ் ரத்தாகி, தங்குவதற்கு வழக்கமாக 30 நாள் கிடைக்கும். அதற்குள் அடுத்தது அமையாவிட்டால் ஊருக்குத்தான். புதிய ஐபிஏ கைக்கு வரும் முன் ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள்.

மனைவி, கணவர், இருபத்தொரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அழைத்துக்கொள்ள நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி வேண்டும். அப்பா அம்மாவை நீண்ட காலம் தங்கவைக்க 12,000. துணையாகப் போனவர் வேலை பார்க்க வேண்டுமென்றால், 2021 மே மாதத்திலிருந்து அவருக்கும் தனி வேலைப் பாஸ் வேண்டும்.

பிஆர்: விண்ணப்பிப்பது சுலபம், கிடைப்பது அவர்கள் கையில்

இபி, எஸ் பாஸ் வைத்திருப்பவர்கள் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் தளத்தில் சிங்பாஸ் என்ற அரசு டிஜிட்டல் அடையாளக் கணக்கு மூலம் தாங்களே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 100 வெள்ளி, கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. கடந்த ஆறு மாதச் சம்பளச் சீட்டு, கம்பெனி நிரப்பித் தரும் படிவம், படிப்பு, பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள். தமிழில் உள்ளவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு. இவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு "பிஆர் ஆலோசனை" தருபவர்களிடம் இதைத் தாண்டி ரகசியம் எதுவும் இல்லை என்பது என் எண்ணம்.

முடிவு வர ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். நிராகரித்தால் காரணம் சொல்ல மாட்டார்கள். குடும்பத் தொடர்பு, சம்பாத்தியம், படிப்பு, வயது, எத்தனை வருடமாக அங்கே இருக்கிறீர்கள் என்பதெல்லாம் பார்ப்பதாக அவர்களே சொல்கிறார்கள். 2024இல் சுமார் முப்பத்தைந்தாயிரம் பேருக்குத்தான் கொடுத்தார்கள். ஆறு மாதச் சம்பளச் சீட்டு சேர்ந்ததும் அவசரப்பட்டுப் போடுவதைவிட, ஒரு முறை பாஸ் புதுப்பித்து, சம்பளம் ஏறிய பிறகு போடுவது மேல். ஒரு முறை கிடைக்காவிட்டால், உங்கள் நிலையில் ஏதாவது மாறிய பிறகு மறுபடி போடுங்கள்.

கிடைத்தால் என்ன மாறும்? வேலை மாற பாஸ் வேண்டாம், அதுதான் முதல் நிம்மதி. அதோடு நம் ஊர் பிஎஃப் மாதிரியான மத்திய சேம நிதி பிடித்தம் தொடங்கும். 6,000 வெள்ளி சம்பளக்காரருக்கு வழக்கமான கணக்கில் முதல் வருடம் மாதம் 300, இரண்டாம் வருடம் 900, மூன்றாம் வருடத்திலிருந்து 1,200 வெள்ளி கையிலிருந்து போகும். கம்பெனியும் தன் பங்கைப் போடும். பணம் உங்களுடையதுதான், ஆனால் ஊருக்கு மாதாமாதம் அனுப்பும் தொகை குறையும். சேலத்தில் வீட்டுக்கடன் ஓடுகிறதென்றால் முன்கூட்டியே கணக்குப் பாருங்கள். நிரந்தரவாசத்தை விட்டுவிட்டு ஒரேயடியாகத் திரும்பும்போது அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம்.

ஆண் பிள்ளை இருப்பவர்கள் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியது தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியைப் பற்றி. வேலையை வைத்து பிஆர் வாங்கிய அப்பாவுக்கு அது கிடையாது. அவரோடு சேர்த்து பிஆர் வாங்கிய மகனுக்கு உண்டு. பதினாறரை வயதில் பதிவு, பிறகு முழுநேரமாக இரண்டு வருடம். செய்யாமல் பிஆரை விட்டுவிட்டுப் போனால், பின்னாளில் அவன் அங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது எதிராக நிற்கும். பிள்ளைக்கு மூன்று வயதாக இருக்கும்போது யாரும் இதை யோசிப்பதில்லை.

பிஆர் வாங்கினாலும் நீங்கள் இந்தியக் குடிமகன்தான், பாஸ்போர்ட் அதேதான். ஆனால் வெளியே போய்த் திரும்ப ரீ-என்ட்ரி பெர்மிட் வேண்டும், வழக்கமாக ஐந்து வருடத்துக்குத் தருவார்கள். அது செல்லாத நிலையில் நாட்டை விட்டு வெளியே இருந்தால் பிஆரே கைநழுவக்கூடும். பொங்கலுக்கோ ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கோ டிக்கெட் போடுகிற அன்று அந்தத் தேதியையும் பார்த்துவிடுங்கள்.